விடாத கால் நரம்பு வலி... மரத்துப்போகும் ஊசி சொல்லும் சேதி!

"கால்ல நரம்பு இழுக்குது டாக்டர்!"

கடையநல்லூரில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும் இதே வாக்கியம்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே வியாதியா என்றால், இல்லவே இல்லை.

நம் பேச்சுத் தமிழில் 'நரம்பு' என்ற வார்த்தை படாத பாடு படுகிறது. முழங்காலுக்குப் பின்னால் நீலமாகப் புடைத்து நெளிந்து ஓடுகிறதே, அதை 'நரம்பு சுருட்டு' என்கிறோம். அது நரம்பே அல்ல, அசுத்த ரத்தக் குழாய். ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகும் குரக்குவலியை 'நரம்பு பிடிச்சிருச்சு' என்கிறோம். அது தசை. குதிகாலுக்கு மேலே விறைப்பாக நிற்பதையும் 'குதிநரம்பு' என்கிறோம். அது தசைநாண். இவற்றில் எதற்கும் நான் இங்கே சொல்லப்போகிற வைத்தியம் பொருந்தாது. அதனால்தான் முதலிலேயே இந்த வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்கிறேன்.

நான் பேசப்போவது அசல் நரம்பு. தொடுவதையும் சூட்டையும் வலியையும் மூளைக்குக் கொண்டுபோகிற, மூளையின் உத்தரவைத் தசைக்குக் கொண்டுவருகிற கம்பி. அந்தக் கம்பியிலேயே கோளாறு வந்தால் எழும் வலி தனி ரகம். காலில் முள் குத்தினால் வலிக்கும், எடுத்தால் நிற்கும். நரம்பு வலியில் முள்ளே இருக்காது, வலி மட்டும் இருக்கும்!

அந்த வலி எப்படி இருக்கும்?

இதை நோயாளிகளே அழகாகச் சொல்லிவிடுவார்கள். "மிளகாய்ப் பொடி தடவின மாதிரி எரியுது", "கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு பாயுது", "எறும்பு ஊருது", "வேட்டி உரசினாக்கூட உயிர் போகுது". இந்தக் கடைசி வாக்கியம் மிக முக்கியம். வலிக்கக் கூடாத ஒன்று, அதாவது துணி படுவது, காற்று படுவது, வலித்தால் அது பெரும்பாலும் நரம்பின் வேலைதான். சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்காது. பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் என்று மாறி மாறி விழுங்கி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு, வலி மட்டும் அப்படியே இருக்க வந்து நிற்பவர்கள் ஏராளம்.

இப்படி விடாத வலிக்கு அலோபதியில் ஒரு வழி உண்டு. பல் பிடுங்கும்போது ஈறில் ஓர் ஊசி போடுவார்களே, அரை முகம் மரத்துப்போகுமே, அதே குடும்பத்து மருந்தைக் கால் நரம்பின் ஓரத்திலோ, அந்த நரம்பு முதுகிலிருந்து புறப்படும் இடத்திலோ போடுவது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவனான நான் இந்த ஊசியைப் போடுவதில்லை. இது மயக்கவியல் படித்து, வலி வைத்தியத்தில் தனிப் பயிற்சி எடுத்தவர்களின் வேலை. யாரை எப்போது அவர்களிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது என் வேலை.

கோகா இலையிலிருந்து சைலோகெயின் வரை

அக்கரகாரம் வேரைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கு சுறுசுறுவென்று ஆகி, கொஞ்ச நேரம் மரத்துவிடும். சொத்தைப் பல்லில் கிராம்பு வைத்தால் வலி அடங்குவதும் இதே ரகம்தான். மரக்கச் செய்யும் பொருள்கள் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருந்திருக்கின்றன.

தென் அமெரிக்காவில் இந்த இடம் கோகா இலைக்கு. அதிலிருந்து பிரித்த கோகெயினைக் கண்ணில் விட்டால் கண் மரத்துவிடுகிறது என்று வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் 1884-ல் கண்டுபிடித்தார். 1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் அதை முதுகுத்தண்டு நீரில் செலுத்திக் கால்களை மரக்கவைத்தார். வேடிக்கை என்னவென்றால், பியரின் உதவியாளர் தன் முதுகிலேயே ஊசி போட்டுக்கொண்டார். காலில் அடித்துப் பார்த்தார்கள், சுட்டுப் பார்த்தார்கள், வலிக்கவில்லை! மருந்து இறங்கிய பிறகுதான் இருவருக்கும் வேதனை. 1901-லேயே பாரிஸில் சிகார் என்ற டாக்டர், புட்டத்துக்கு மேலே இருக்கும் எலும்பின் துவாரம் வழியாக இந்த மருந்தைச் செலுத்தி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். ஆக, இது நேற்று முளைத்த வைத்தியம் அல்ல.

கோகெயின் போதையில் தள்ளும். அதனால் மாற்று தேடினார்கள். ஜெர்மனியின் ஐன்ஹார்ன் தயாரித்த புரோகெயின் 1905-ல் புழக்கத்துக்கு வந்தது. ஸ்வீடனில் லோஃப்கிரென் 1943-ல் லிக்னோகெயினை உருவாக்கினார். அதுதான் சைலோகெயின் என்ற பெயரில் 1948 முதல் உலகம் முழுக்கப் போனது. அந்தக் கதையின் தொடக்கமும் நாக்குதான். பார்லியோடு சம்பந்தப்பட்ட ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த எர்ட்மன் என்ற வேதியியலாளர், 1930-களில் தன் தயாரிப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். நாக்கு மரத்தது! சித்தர்கள் செய்த பரிசோதனையைத்தான் ஸ்வீடன்காரரும் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது?

நரம்பிழையின் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. சோடியம் அந்தக் கதவுகள் வழியாக உள்ளே பாயும்போதுதான் நரம்பில் 'கரண்ட்' ஓடுகிறது. மரத்துப்போகும் மருந்து இந்தக் கதவுகளை அடைத்துவிடும். கரண்ட் இல்லை, சேதி இல்லை, வலி இல்லை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை, தசையை ஆட்டும் இழைகள் தடித்தவை. மருந்தின் அடர்த்தியைக் குறைத்துப் போட்டால் மெல்லிய இழைகள் முதலில் அடங்கும், கால் அசைவு பெரும்பாலும் மிஞ்சும்.

லிக்னோகெயின் என்றால் ஒன்று, இரண்டு மணி நேரம். பியூபிவகெயின் என்றால் நான்கு முதல் எட்டு மணி நேரம், சில நரம்புகளில் அதற்கு மேலும். பிறகு கதவுகள் தானே திறந்துகொள்ளும். நரம்பு 'செத்துப்போவது' இல்லை.

"அப்படின்னா எட்டு மணி நேரத்துக்காகவா இவ்வளவு பாடு?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதற்கான பதில்தான்.

விடாத நரம்பு வலியில் முதல் ஊசி என்பது வைத்தியம் மட்டுமல்ல, ஒரு கேள்வியும்கூட. "இந்த வலி இந்த நரம்பிலிருந்துதான் வருகிறதா?" என்று டாக்டர் ஊசியால் கேட்கிறார். மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரம் வலி நின்றால், பதில் 'ஆமாம்'. நரம்பு நன்றாக மரத்தும் வலி குறையவே இல்லை என்றால், பதில் பெரும்பாலும் 'இல்லை, வேறு இடத்தில் தேடுங்கள்'. (ஊசி போட்டதாலேயே மனசு தெம்பாகி வலி குறைவதும் உண்டு. அதனால் ஒரு தடவையோடு முடிவு கட்டாமல், இன்னொரு தடவையும் போட்டுப் பார்ப்பார்கள்.) இது புரியாமல், "மத்தியானம் நல்லா இருந்துச்சு, ராத்திரி வலி வந்துடுச்சு, ஊசி வேஸ்ட்" என்று அந்த டாக்டரிடம் திரும்பிப் போகாமலே விட்டுவிடுகிறார்கள். கையில் கிடைத்த பதிலைத் தூக்கி எறிகிற மாதிரிதான் இது!

பச்சை பெல்ட்டும் தொடை எரிச்சலும்

எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல கனத்த சரீரம். வலது தொடையின் வெளிப்பக்கம், உள்ளங்கை அளவு இடத்தில் ஒரு வருஷமாக எரிச்சல். நின்றால் அதிகம், உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. முதுகில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் "டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது" என்று வந்துவிட்டது. அவர் வயதில் வலியே இல்லாத ஆளுக்கு எடுத்தாலும் பலருக்கு அப்படித்தான் வரும். ஆனால் ரிப்போர்ட்டைப் படித்த வீடு அமைதியாக இருக்குமா? "முதுகு ஆபரேஷன்" என்ற பேச்சு எழுந்து, மனிதர் பாதியாகிவிட்டார்.

அவருடைய கைலியைக் கவனித்தேன். மேலே நான்கு விரல் அகலத்துக்குப் பச்சை பெல்ட், பை வைத்தது, இறுக்கிக் கட்டியது. இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில், தொடையின் வெளிப்பக்கத் தோலுக்குப் போகும் ஒரு மெல்லிய நரம்பு, ஒரு பட்டையின் அடியில் நுழைந்து வருகிறது. தொந்தி, இறுக்கமான பெல்ட், கர்ப்பம் இவையெல்லாம் அந்த இடத்தில் அதை அமுக்கும். 1895-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா'. மனோதத்துவத்துக்குப் பெயர் போன சிக்மண்ட் ஃபிராய்டுக்கே இந்தத் தொல்லை இருந்து, அவரே அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார்.

திருநெல்வேலியில் ஒரு வலி நிபுணரிடம் அனுப்பினேன். ஸ்கேன் பார்த்துக்கொண்டே (கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட்தான்) அந்த நரம்பின் ஓரத்தில் ஊசி போட்டார். பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரைக்கும் எரிச்சல் சுத்தமாக இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் திரும்பியது. மறுநாள் என்னிடம் வந்து, "டாக்டர், ஊசி பலிக்கலை" என்றார். பலித்ததே ஐயா! அந்த அரை நாள், வலி முதுகிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டதே! பெல்ட் போனது, கைலி தளர்ந்தது, எடை ஆறு கிலோ இறங்கியது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஊசி, இந்தத் தடவை கொஞ்சம் ஸ்டீராய்டும் சேர்த்து. மூன்றாவது மாசம் எரிச்சல் இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. முதுகு ஆபரேஷன் பேச்சே இல்லை.

மருந்து சில மணி நேரமே இருந்தாலும், நிவாரணம் சிலருக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீள்வது ஏன்? வலி ரொம்ப நாள் நீடித்தால் முதுகுத்தண்டும் மூளையும் அதற்குப் பழகி, சின்னச் சேதியையும் பெரிதாக்கிக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய் மாதிரி. கொஞ்ச நேரம் முழு அமைதி கிடைத்தால் அந்த நாய் சில சமயம் படுத்துவிடும். எல்லோருக்கும் இப்படி நடக்காது. நடக்கிறவர்களுக்கு அது பெரிய வரம்.

இடுப்பிலிருந்து இறங்கும் வலி

நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஆங்கில மருத்துவம் 'சயாட்டிகா' என்கிறது. சித்த மருத்துவத்தில் வாத நோய்கள் எண்பது என்று யூகி முனிவர் வகுத்ததில், இடுப்பைப் பற்றிக் காலுக்கு இறங்கும் வலியும் வாதக் கணக்கில்தான் வரும். கட்டை விரல் பருமனில் புட்டம் வழியாக இறங்கும் அந்தப் பெரிய நரம்பின் வேரை, முதுகெலும்புகளுக்கு இடையே பிதுங்கிய டிஸ்க் அமுக்கிவிடுகிறது. குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்தே வாழ்க்கையைக் கழித்த நெசவாளர்கள், மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலை மடக்கி நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்கள் என்று எங்கள் பகுதியில் இதற்குப் பஞ்சமே இல்லை.

ஓர் உண்மையைச் சொல்லட்டுமா? இந்த வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் நோயாளி யார் கையில் இருக்கிறாரோ, அவருக்குப் பெயர்! எண்ணெய் போட்டவருக்கும் பெயர், பெல்ட் மாட்டியவருக்கும் பெயர். நானும் அந்தப் பெயரை வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வாரங்களைக் கடப்பது சிலருக்கு நரகம். உட்கார முடியாது, தூங்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நரம்பு வேரின் அருகில் மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துப் போடும் ஊசி, சில வாரங்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. வேரின் வீக்கத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த இடைவெளியில் நடைப்பயிற்சியும் பிசியோதெரபியும் செய்கிறவர் ஜெயிப்பார். வலி போச்சு என்று அரிசி மூட்டை தூக்குகிறவர் திரும்பி வருவார்.

இதில் அவசரம் எப்போது? சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால், அல்லது பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தால், ஊசி, எண்ணெய், வர்மம் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் தள்ளிப்போடக் கூடாது. நாள் கடந்தால் அந்த நரம்பு திரும்பாமலே போகலாம்.

குற்றாலத்தில் வழுக்கிய கால்

சீசனில் அருவிப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து வருகிறவர்கள் உண்டு. மாவுக்கட்டு போட்டு, எலும்பு கூடி, எல்லாம் சரியான பிறகு சிலருக்கு ஒரு விபரீதம் நடக்கும். பாதம் வீங்கி, பளபளவென்று சிவந்து அல்லது நீலம் பாரித்து, வியர்த்து, போர்வை பட்டால்கூடத் துடிப்பார்கள். வீட்டில் "நடிக்கிறா", "செல்லம் கொஞ்சுறா" என்பார்கள். நடிப்பில்லை. அடிபட்டதை விடப் பல மடங்கு பெரிதாக வளர்ந்துவிட்ட நரம்பு வலி அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் வெய்ர் மிட்செல் என்ற டாக்டர் 1864-ல் இதை விவரித்தார். இன்றைக்கு 'சி.ஆர்.பி.எஸ்.' என்கிறார்கள்.

இதற்கு ஊசி காலில் அல்ல. இடுப்பு முதுகெலும்பின் முன்பக்கவாட்டில், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் தானியங்கு நரம்பு ஓடுகிறது. சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷினில் பார்த்தபடி அங்கே மருந்தைச் செலுத்துவார்கள். சரியான இடத்தில் இறங்கினால் சில நிமிஷங்களில் ஜில்லென்றிருந்த பாதம் சூடாகும். பாதத்தில் கை வைத்தாலே தெரியும்! ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை, எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பலித்தவருக்கு அந்தச் சில மணி நேரம் தங்கம். அந்த நேரத்தில் பாதத்தை அசைக்க வேண்டும், தரையில் ஊன்ற வேண்டும். சி.ஆர்.பி.எஸ்.ஸுக்கு அசைவுதான் மருந்து. ஊசி அதற்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இதே இடத்து ஊசியை இன்னொரு கூட்டத்துக்கும் போடுவதுண்டு. பீடி, சிகரெட் விடாமல் பிடித்து, முப்பது நாற்பது வயதிலேயே கால் ரத்தக் குழாய் அடைத்து, விரல் கறுக்கும் 'புர்கர்' நோயாளிகளுக்கு. (நியூயார்க்கில் லியோ புர்கர் 1908-ல் விவரித்ததால் அந்தப் பெயர்.) ஊசி கொஞ்ச நாள் வலியைத் தணிக்கும். புகையை அடியோடு நிறுத்தாவிட்டால் காலை எந்த ஊசியும் காப்பாற்றாது. தினம் ஒரு பீடிகூடக் கூடாது.

சர்க்கரைக்காரர்களே, உங்களுக்கு வேறு!

இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, சாக்ஸ் போட்ட அளவுக்கு எரிச்சலும் மதமதப்பும் என்றால் அது பெரும்பாலும் சர்க்கரை நரம்பு பாதிப்பு. ஏதோ ஒரு நரம்பில் சிக்கல் இல்லை, எல்லா நரம்புகளின் நுனியும் வாடியிருக்கிறது. எந்த நரம்பில் என்று ஊசி போடுவது? இதற்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு, அமிட்ரிப்டிலின், பிரிகபாலின், டுலோக்செட்டின் போன்ற மாத்திரைகள் (டாக்டர் சொல்லி மட்டும்). மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் பி-12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தாலும் பாதம் எரியும்.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் மணல் ஒத்தடமும் வேண்டவே வேண்டாம். எரிச்சலுக்கு என்று ஒத்தடம் கொடுத்து, சூடு தெரியாமல் தோல் கொப்புளித்து, புண்ணாகி, விரல் போன கதைகள் உண்டு. வலி எவ்வளவு பெரிய காவல்காரன் என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியதே நம் தமிழ்நாட்டு மண்தான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளைக் கவனித்தபோது, அவர்கள் விரல்கள் 'அழுகி விழுவது' இல்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டுத் தேய்ந்துபோகின்றன என்று நிறுவினார். அதனால்தான் நான் சொல்கிறேன், வலியை நிரந்தரமாக அணைக்கும் ஊசி என்று யாராவது விளம்பரம் செய்தால் ஓடிவிடுங்கள். சில மணி நேரம் மட்டும் மரக்கிறது என்பது இந்த மருந்தின் குறையல்ல, குணம்!

இதோடு, தோலில் வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமலும் நரம்பு வலியும் சேர்ந்திருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்து இலவசம், முழுக் குணம் உண்டு.

வீட்டில் எழும் சந்தேகங்கள்

"முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடாதா?" தண்டுவடம் முதல் அல்லது இரண்டாவது இடுப்பு எலும்போடு முடிந்துவிடுகிறது. சயாட்டிகாவுக்கான ஊசி பெரும்பாலும் அதற்குக் கீழேதான். ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் கால் பலமிழந்தாற்போல் இருக்கலாம், திரும்பிவிடும். கிருமித்தொற்று, ரத்தக் கசிவு, நரம்பில் காயம் போன்ற ஆபத்துகள் அபூர்வம். ஆனால் பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன்.

"சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசியாலதான் இன்னிக்கு வரைக்கும் இடுப்பு வலி!" நம் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சொல்வது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. பிரசவத்தில் தளர்ந்த தசையும், பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்ததும்தான் அதிகக் காரணம்.

"எத்தனை ஊசி போடலாம்?" இரண்டு ஊசியிலும் துளி பலன் இல்லையென்றால் மூன்றாவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்டீராய்டு சேர்ந்த முதுகு ஊசியைப் பொதுவாக வருஷத்துக்கு மூன்று, நான்குக்கு மேல் போடுவதில்லை. அந்த ஸ்டீராய்டு சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும், கவனம்.

"தெருமுனை கிளினிக்ல வாரா வாரம் ஒரு ஊசி போட்டா சரியாயிடுதே?" அது இந்த ஊசி அல்ல. புட்டத்தில் போடும் வலி மருந்தும் ஸ்டீராய்டும். வாரா வாரம் போட்டால் எலும்பு கரையும், முகம் வீங்கும், சர்க்கரை வரும். 'மூலிகைப் பொடி' என்று பெயரில்லாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்து விற்பதும் உண்டு. சித்த மருத்துவத்துக்கு அதைவிடக் கெட்ட பெயர் வேறில்லை.

"தழும்பில் ஊசி போட்டால் தூரத்து வலி போகும் என்கிறார்களே?" ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ஹுனேக்கே 1940-ல் ஒரு பெண்ணின் காலில் இருந்த பழைய தழும்பில் புரோகெயின் போட, அவருடைய தோள் வலி நொடியில் மறைந்ததாகச் சொல்லி ஒரு தனி வைத்திய முறையையே உருவாக்கினார். எங்கேயோ தொட்டால் எங்கேயோ வலி போவது வர்மம் படித்த எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் ஒருவருக்கு நொடியில் போனது ஊருக்கே போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் போதவில்லை. பணத்தை யோசித்துச் செலவழியுங்கள்.

சித்த மருத்துவம் எங்கே வருகிறது?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் நாடி, வாதம், பித்தம் படித்த அதே நாட்களில் பிணத்தை அறுத்து நரம்பின் பாதையையும் படித்தோம். அதனால் இரண்டையும் சண்டைக்கு நிறுத்த எனக்கு மனசு வருவதில்லை. உணர்ச்சி சரியாக இருக்கும் காலுக்கு வெதுவெதுப்பான தைலப் பூச்சு, வர்மத் தடவல், மலச்சிக்கல் இல்லாத உணவு, ராத்திரி நல்ல தூக்கம் இவற்றால் தசை இறுக்கம் தளர்வதை தினமும் பார்க்கிறேன். ஊசி போட்ட இடத்தில் மட்டும் இரண்டு மூன்று நாள் எண்ணெய், மசாஜ் கூடாது. சாப்பிடும் சூரணம், லேகியம் எதுவானாலும் ஊசி போடும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்!

போகிற அன்றைக்கு

ரத்தம் இளகும் மாத்திரை (ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி) சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பல் டாக்டர் போட்ட ஊசியில் எப்போதாவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மருந்து தவறி ரத்தத்தில் அதிகம் கலந்தால் வாய் ஓரம் மரத்து, வாயில் உலோக ருசி வந்து, காது 'ஙொய்' என்று கத்தும். அப்படி உணர்ந்தால் உடனே, வெட்கப்படாமல், மேஜையில் இருக்கும்போதே சத்தமாகச் சொல்ல வேண்டும். வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகக்கூடியது அது. அதை முறிக்கும் கொழுப்புத் திரவ மருந்து உண்டு. மானிட்டரும் முதலுதவி வசதியும் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

துணைக்கு ஆள் வேண்டும். அன்றைக்கு பைக் ஓட்டக் கூடாது. மரத்த காலில் செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது, பார்த்து மாட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கு முன்னால் வலி பத்துக்கு எத்தனை, ஊசி போட்ட அரை மணியில் எத்தனை, பிறகு மணிக்கு மணி எத்தனை, எந்த இடம் மரத்தது, நடந்தபோது எப்படி, உட்கார்ந்தபோது எப்படி என்று குறித்துவையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால் பேரப்பிள்ளை எழுதட்டும். ராத்திரி வலி திரும்பி வந்தால், வந்த நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த தடவை டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நேரத்தைத்தான்.